ஜனவரியில் எரியும் விளக்குகள்: இத்தாலியின் அப்ருட்ஸோவும் சுற்றுலாவும்

2025 ஜனவரி 26, ஞாயிற்றுக்கிழமை. இத்தாலியின் அப்பென்னைன் மலைத்தொடரில், கடல் மட்டத்திலிருந்து 1,200 மீட்டருக்கு மேல் இருக்கும் ரொக்கராஸோ என்ற சிற்றூருக்குள் இருநூறுக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பேருந்துகள் வந்து சேர்ந்தன. ஊரின் மக்கள்தொகை சுமார் 1,500. அன்று வந்தவர்கள் பத்தாயிரத்துக்கும் மேல். பெரும்பாலோர் நேப்பிள்ஸிலிருந்தும் அதன் சுற்றுவட்டாரத்திலிருந்தும் வந்தவர்கள். சமூக ஊடகப் பிரபலம் ஒருவரின் காணொளிகளும் மிக மலிவான ஒருநாள் பயணச் சீட்டும் அவர்களை அங்கே கொண்டுவந்திருந்தன. மலைச்சாலை மணிக்கணக்கில் அடைத்துக்கொண்டது. கழிப்பறைகள் போதவில்லை. மாலையில் கூட்டம் கலைந்தபோது பனிச்சரிவெங்கும் குப்பை. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் பேருந்துகளின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டி, முன்பதிவு இல்லாத வண்டிகளைத் திருப்பி அனுப்பும் ஏற்பாட்டை அதிகாரிகள் செய்ய வேண்டியிருந்தது.

வந்தவர்களைப் பழிப்பது எளிது. இத்தாலியப் பத்திரிகைகள் சில அதைத்தான் செய்தன. ஆனால் வாரம் முழுக்க நகரத்து நெரிசலில் உழைக்கும் ஒரு குடும்பம், பிள்ளைகளுக்குப் பனியைக் காட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆசைப்பட்டதில் குற்றமில்லை. கேள்வி வேறு இடத்தில் இருக்கிறது. ரொக்கராஸோ இருக்கும் அதே லாக்விலா மாகாணத்தில், அதே ஜனவரியில், தெருவுக்கு ஒரு விளக்குகூட எரியாத ஊர்கள் பல. ஓரிடத்தில் கால்வைக்க இடமில்லை. இன்னோரிடத்தில் கதவைத் தட்டினால் திறக்க ஆளில்லை. அப்ருட்ஸோ மாநிலத்தின் சுற்றுலாவைப் புரிந்துகொள்ள இந்த இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ரோமுக்குக் கிழக்கே, ஏட்ரியாட்டிக் கடல்வரை விரியும் மாநிலம் அப்ருட்ஸோ. பரப்பு சுமார் 10,800 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை 13 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு மலை. கிரான் ஸாஸ்ஸோ மலைத்தொகுதியின் உச்சியான கோர்னோ கிராந்தே 2,912 மீட்டர் உயரம். அப்பென்னைன் தொடரில் அதைவிட உயர்ந்த சிகரம் கிடையாது. அதன் மடியில் இருந்த கால்தெரோனே பனியாறு, ஐரோப்பாவின் தென்கோடிப் பனியாறுகளில் ஒன்றென்று பெயர்பெற்றது, இன்று இரண்டு சிறு துண்டுகளாகச் சுருங்கிக் கிடக்கிறது. அந்தச் சிகரத்திலிருந்து நேர்கோட்டில் அளந்தால் ஐம்பது கிலோமீட்டருக்குள் கடற்கரை மணல். காலையில் பனியில் நடந்துவிட்டு மாலையில் கடலில் காலை நனைக்கலாம் என்று விளம்பரங்கள் சொல்வது வெறும் பேச்சில்லை. மூன்று தேசியப் பூங்காக்கள், ஒரு மாநிலப் பூங்கா, பல சிறு காப்பிடங்கள் என்று நிலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பாதுகாக்கப்பட்டது.

இவ்வளவு இருந்தும், டஸ்கனியையோ வெனிஸையோ அறிந்த வெளிநாட்டுப் பயணிகளில் பலர் இந்தப் பெயரைக் கேட்டிருக்க மாட்டார்கள். வருகிறவர்களில் பெரும்பாலோர் இத்தாலியர்கள். அவர்களும் கோடையில் தேராமோ மாகாணக் கடற்கரையின் ‘ஏழு சகோதரிகள்’ எனப்படும் மார்த்தின்சிகூரோ முதல் சில்வி வரையிலான ஊர்களில், வரிசையாக நட்ட குடைகளின் கீழ், இரண்டு வாரம் கழித்துவிட்டுப் போகிறவர்கள். மலை அவர்களுக்குத் தூரத்து நீலக் கோடு.

அந்த மலை வெறுமையானது எப்படி?

பல நூற்றாண்டுகளாக அப்ருட்ஸோவின் செல்வம் ஆடு. செப்டம்பரில் மலைப்புல் காய்ந்து குளிர் தொடங்கியதும் மேய்ப்பர்கள் மந்தைகளை ஓட்டிக்கொண்டு தெற்கே புலியா சமவெளிக்கு இறங்குவார்கள். மே மாதத்தில் திரும்ப ஏறுவார்கள். அவர்கள் நடந்த புல்வழிக்கு த்ரத்தூரோ என்று பெயர். லாக்விலாவிலிருந்து ஃபோஜ்ஜா வரை போகும் பெருவழியின் நீளம் 244 கிலோமீட்டர், அகலம் 111 மீட்டர். நடந்துகொண்டே மேய்வதற்கு அந்த அகலம் வேண்டியிருந்தது. 1447-ல் அரகோன் அரசர் அல்ஃபோன்ஸோ இந்தப் போக்குவரத்துக்கென்றே ஒரு வரி நிர்வாகத்தை ஏற்படுத்தினார் என்றால், அதிலிருந்து வந்த பணம் எவ்வளவு முக்கியமாக இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். ஃப்ளோரன்ஸை ஆண்ட மெதிச்சி குடும்பம் 1579-ல் சாந்தோ ஸ்தேஃபனோ தி செஸ்ஸானியோ என்ற மலையூரை வாங்கியதும் கம்பளிக்காகத்தான். ‘கர்ஃபாஞா’ எனப்படும் முரட்டுக் கருங்கம்பளி இங்கிருந்து போய்த் துறவிகளின் அங்கியாகவும் படைவீரர்களின் உடையாகவும் ஆனது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சமவெளி மேய்ச்சல் நிலங்கள் உழவுக்குப் போயின. வெளிநாட்டுக் கம்பளி மலிவாக வந்திறங்கியது. மந்தை சிறுத்தது, மனிதர்கள் கிளம்பினார்கள். முதலில் அமெரிக்காவுக்கும் அர்ஜென்டினாவுக்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பெல்ஜியத்தின் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு: இத்தாலி ஆள் அனுப்பும், பெல்ஜியம் நிலக்கரி தரும் என்று 1946-ல் இரு நாடுகளும் ஒப்பந்தம் போட்டிருந்தன. 1956 ஆகஸ்ட் 8 அன்று மார்சினெல் சுரங்கத்தில் பற்றிய தீயில் 262 பேர் இறந்தார்கள். 136 பேர் இத்தாலியர். அவர்களில் 60 பேர் அப்ருட்ஸோக்காரர்கள். மயேல்லா மலையடிவாரத்து மனொப்பெல்லோ என்ற ஒரே ஊர் இருபதுக்கும் மேற்பட்டவர்களை இழந்தது. இன்று பயணிகள் ‘காலம் உறைந்துபோன ஊர்’ என்று வியந்து படமெடுக்கும் கல்வீதிகள் பலவும், இப்படி வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனவர்கள் விட்டுச்சென்றவை. புதிதாகக் கட்டப் பணமோ ஆளோ இல்லாததால்தான் பழையது அப்படியே நின்றது. அந்த அழகைப் பேசும்போது இந்த வரலாற்றையும் சேர்த்துப் பேசுவதுதான் நேர்மை.

சாந்தோ ஸ்தேஃபனோவுக்கே திரும்புவோம். 1,250 மீட்டர் உயரத்தில், தேன்நிறக் கல்வீடுகளும் வட்டக் கோபுரமும் கொண்ட ஊர். 1999-ல் தானியேலே கில்க்ரென் என்ற இத்தாலிய-ஸ்வீடிஷ் தொழில்முனைவர் மோட்டார் சைக்கிளில் இந்தப் பக்கம் வந்தார். பாதி இடிந்த வீடுகள் கேட்பாரற்றுக் கிடந்தன. ஒவ்வொன்றாக வாங்கினார். ஆனால் அவற்றைப் பளபளப்பாக்கவில்லை. நூற்றாண்டுக் கணக்கில் அடுப்புப் புகை படிந்து கறுத்த சுவரை அப்படியே விட்டார். பழைய மரம், பழைய கல், ஊர்த் தறியில் நெய்த போர்வை, கம்பளி அடைத்த மெத்தை. அறைகளில் தொலைக்காட்சி கிடையாது. முதியவர்களிடம் கேட்டும் பெஸ்காரா நகரின் மக்கள் வாழ்வியல் அருங்காட்சியகத்தின் உதவியோடும் எந்த அறையில் என்ன இருந்தது என்று தேடி அமைத்தார்கள். 2000-களின் நடுவில் ‘செக்ஸ்தாந்தியோ’ விடுதி திறந்தது. அதற்கு ஒற்றைக் கட்டடம் இல்லை. வரவேற்பறை ஒரு தெருவில், படுக்கையறைகள் வேறு வேறு தெருக்களில், சாப்பாட்டுக் கூடம் இன்னோரிடத்தில். ஊரெங்கும் பரவிய இந்த வகை விடுதியை இத்தாலியில் ‘ஆல்பெர்கோ திஃபூஸோ’ என்கிறார்கள். 1976-ல் வடகிழக்கே ஃப்ரியூலி நிலநடுக்கத்தில் பாழான ஊர்களை எப்படி மீட்பது என்ற யோசனையில் பிறந்த கருத்து அது. ஜான்கார்லோ தல்லாரா என்ற சுற்றுலா ஆய்வாளர் அதற்கு முறையான வடிவம் கொடுத்தார்.

இதில் கவனிக்க வேண்டியது, ஊரைச் சுற்றிப் புதுக் கட்டடம் எழும்பாமல் காக்க வேண்டும் என்று உள்ளாட்சியோடும் தேசியப் பூங்காவோடும் செய்துகொண்ட புரிதல். பழைய ஊரைப் பார்க்க வருகிறவர்களுக்காக அதன் தோளிலேயே கான்கிரீட் விடுதி கட்டி, பார்க்க வந்த பொருளையே அழித்துவிடும் தவறு உலகெங்கும் நடக்கிறது. இங்கே அது நடக்கவில்லை. கைத்தறி, சிறு உணவகம், கடை என்று சில பிழைப்புகள் திரும்பின. மிளகைவிடச் சிறிய, ஊறவைக்கத் தேவையில்லாத கரும்பழுப்புப் பருப்பு ஆயிரம் மீட்டருக்கு மேலுள்ள சிறு வயல்களில் தொடர்ந்து விளைகிறது. பயணிகளின் தட்டில் அதுதான் முதலில் வரும். அருகே நவெல்லி மேட்டுநிலத்தில் அக்டோபரில் விடியுமுன் பூப்பறித்துத் தயாரிக்கும் குங்குமப்பூவும் அப்படித்தான் பிழைத்திருக்கிறது.

ஆனால் குடியிருப்போர் கணக்கு வேறொன்றைச் சொல்கிறது. 2020-ல் அதே சாந்தோ ஸ்தேஃபனோ உள்ளாட்சி ஓர் அறிவிப்பு வெளியிட்டது: நாற்பது வயதுக்கு உட்பட்டவர்கள் இங்கே குடியேறித் தொழில் தொடங்கினால் மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 8,000 யூரோ வரை உதவி. அப்போது ஊரில் இருந்தவர்கள் சுமார் 115 பேர். இளைஞர்களும் குழந்தைகளும் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில். உலகப் பத்திரிகைகள் ஊரைப் புகழ்ந்து எழுதத் தொடங்கிப் பதினைந்து ஆண்டுகள் கழிந்த பிறகும் நிலைமை அதுதான். கோடையில் அறை கிடைக்காது. குளிர்காலத்தில் பேசத் துணை கிடைக்காது. வெளியூர்க்காரர்கள் விடுமுறை வீடாக வாங்கத் தொடங்கியபின் வீட்டு விலை ஏறி, இங்கேயே வாழ நினைக்கும் இளம் தம்பதிக்கு எட்டாமல் போகும் அபாயமும் சேர்ந்துகொண்டது. விடுதி ஒன்று ஊரை இடிபாட்டிலிருந்து காப்பாற்றலாம். பள்ளி, மருத்துவர், பேருந்து இவற்றை அது தர முடியாது; அவை அரசின் கடமை. இந்த வேறுபாட்டை மறந்து, சுற்றுலா வந்தால் ஊர் தானே பிழைத்துவிடும் என்று நம்பியதுதான் இத்தாலியின் மலையூர்க் கொள்கையின் பெரிய குறை. இடிந்த கோட்டைக்குப் பெயர்பெற்ற பக்கத்து ஊரான கலாஷ்ஷோவுக்கு, கொரோனாவுக்குப் பிந்தைய மீட்பு நிதியிலிருந்து அண்மையில் 2 கோடி யூரோ ஒதுக்கப்பட்டது. நூற்றைம்பது பேர்கூட இல்லாத ஊர் அது. அந்தப் பணம் எத்தனை அறைகளாக மாறியது என்று பார்ப்பதைவிட, எத்தனை குடும்பங்கள் அங்கே குளிர்காலத்தைக் கழிக்கின்றன என்று பார்ப்பதே சரியான அளவுகோல்.

நிலநடுக்கத்தைச் சொல்லாமல் இந்த மாநிலத்தைப் பேச முடியாது. 2009 ஏப்ரல் 6, அதிகாலை 3:32. மாநிலத் தலைநகர் லாக்விலாவையும் சுற்றியுள்ள ஊர்களையும் 6.3 அளவு நிலநடுக்கம் குலுக்கியது. 309 பேர் இறந்தார்கள், பல்லாயிரக்கணக்கானோர் வீடிழந்தார்கள். மாணவர் விடுதி ஒன்று இடிந்து எட்டு மாணவர்கள் மாண்டது நாட்டையே உலுக்கியது. சாந்தோ ஸ்தேஃபனோவின் மெதிச்சி கோபுரமும் அன்று சரிந்தது. அதன் உச்சியில் பிற்காலத்தில் ஏற்றிய கான்கிரீட்டின் எடையும் ஒரு காரணம் என்றார்கள். பழைய முறையில் பலப்படுத்திய கல்வீடுகளோ பெரும்பாலும் தாங்கி நின்றன. கோபுரம் மறுபடி எழுந்து 2021-ல்தான் திறந்தது.

லாக்விலாவின் பழைய நகரம் ஆண்டுக்கணக்கில் ‘சிவப்பு வளைய’மாக, வேலியிட்டுப் படைவீரர் காவலில் கிடந்தது. மக்களை நகருக்கு வெளியே அவசரமாகக் கட்டிய 19 குடியிருப்புகளில் குடிவைத்தார்கள். வீடு கிடைத்தது, தெருமுனைக் காப்பிக்கடையும் அண்டை வீடும் கிடைக்கவில்லை. பிள்ளைகள் தற்காலிகக் கூடங்களிலேயே பல வகுப்புகளைக் கடந்து வளர்ந்தார்கள். கொல்லெமாஜ்ஜோ பேராலயம் 2017 டிசம்பரில் திறந்தது. 1294-ல் ஐந்தாம் செலஸ்தீன் திருத்தந்தையாக முடிசூடியது அந்த ஆலயத்தில்தான். ஆண்டுதோறும் ஆகஸ்ட் 28, 29-ல் அதன் புனிதக் கதவு திறக்கும்; அந்தப் பாவமன்னிப்புப் பெருவிழா 2019-ல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் சேர்ந்தது. 2021-ல் அர்திங்கெல்லி மாளிகையில் சமகாலக் கலை அருங்காட்சியகம் வந்தது. 2026-க்கான இத்தாலியப் பண்பாட்டுத் தலைநகர் என்ற பட்டமும் லாக்விலாவுக்குக் கிடைத்தது. பட்டத்துக்கு நகரம் முழுத் தகுதியுடையது. ஆனால் முகப்புகள் புதுப்பொலிவு பெற்ற வேகத்தில் பள்ளிகள் திரும்பவில்லை என்ற உள்ளூர்ப் பெற்றோரின் மனக்குறையும் நியாயமானதே. முதலில் கட்ட வேண்டியது பள்ளிக்கூடம்.

மலையின் இன்னொரு குடிமகன் கரடி. மார்சிகன் பழுப்புக்கரடி என்ற இந்த உள்ளினம் உலகில் வேறெங்கும் இல்லை. இருப்பவை சுமார் ஐம்பது, அறுபது. அவற்றைக் காக்க 1923-ல் சட்டபூர்வமாக அமைந்த அப்ருட்ஸோ தேசியப் பூங்கா, இத்தாலியின் மிகப் பழைய இரண்டில் ஒன்று. 1960-களில் பூங்காவுக்குள்ளேயே சாலையும் விடுமுறை வீடுகளும் முளைக்கத் தொடங்கியிருந்தன. 1969-ல் இயக்குநராக வந்த ஃப்ராங்கோ தஸ்ஸி அந்தக் கட்டுமான வெறியை எதிர்த்து நின்றார். அழிவின் விளிம்பில் இருந்த ஓநாயை மக்கள் விரும்பிப் பார்க்கும் விலங்காக மாற்றினார். சுமார் முந்நூறு பேர் வாழும் சிவித்தெல்லா அல்ஃபெதேனாவில் 1970-களில் ஓநாய் அருங்காட்சியகம் வந்தது. மேய்ப்பர்களின் பரம எதிரியான விலங்கு, அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்குச் சோறு போடத் தொடங்கியது. அங்கே இளைஞர்கள் வழிகாட்டிகளாகவும் விடுதி நடத்துபவர்களாகவும் தங்கினார்கள். ‘பாதுகாத்தால் வேலை போய்விடும்’ என்ற வாதத்துக்கு இதைவிட நல்ல பதில் இத்தாலியில் இல்லை.

ஆனால் அன்பும் ஆபத்தாகலாம். 2020-ல் அமரேனா என்ற பெண்கரடி நான்கு குட்டிகளோடு ஊர்களுக்கு அருகே வந்தது. அமரேனா என்பது புளிப்புச் செர்ரிப் பழத்தின் பெயர். ஒரே ஈற்றில் நான்கு என்பது இந்த இனத்தில் அபூர்வம். காணொளிகள் பரவின, கார்களில் கூட்டம் திரண்டது. இரவில் விளக்கடித்துப் பின்தொடர்ந்தார்கள். குட்டிகளில் ஒன்று வளர்ந்து, ஹுவான் கர்ரீத்தோ என்ற பெயரில் ரொக்கராஸோவின் தெருக்களிலேயே நடமாடியது. ரொட்டிக்கடைக்குள் நுழைந்து பிஸ்கட் தின்றது. எல்லோரும் செல்லம் கொண்டாடினார்கள். பூங்கா ஊழியர்கள் பிடித்துக் காட்டுக்குள் கொண்டுபோய் விட்டும் திரும்பி வந்தது. 2023 ஜனவரியில் காஸ்தெல் தி சங்ரோ அருகே கார் மோதி இறந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 31 இரவு, தாய் அமரேனாவை ஒருவர் துப்பாக்கியால் சுட்டுக் கொன்றார். அந்த ஆண்டின் இரண்டு குட்டிகள் தாயில்லாமல் காட்டுக்குள் ஓடின. இனம் முழுவதும் அறுபதைத் தாண்டாதபோது, குட்டி ஈனும் ஒரு பெண்கரடியின் சாவு எத்தனை பெரிய இழப்பு என்பதற்கு விளக்கம் தேவையில்லை. காட்டு விலங்கு மனிதனுக்குப் பழகுவது அதற்கு நல்லதில்லை. கரடியைப் பார்க்க முடியாமல் திரும்பும் பயணிதான் கரடிக்கு உண்மையான நண்பன் என்பதை அந்த மலை மிகக் கடுமையாகக் கற்றுக்கொண்டது.

மலை மனிதர்களையும் பலி வாங்கியிருக்கிறது. 2017 ஜனவரி 18 அன்று, கிரான் ஸாஸ்ஸோவின் கிழக்குச் சரிவில் இருந்த ரிகோப்பியானோ விடுதியில் நாற்பது பேர் இருந்தார்கள். நாட்கணக்கில் பனி கொட்டியிருந்தது. அன்று 5 அல்லது அதற்கு மேல் அளவுள்ள நிலநடுக்கங்கள் நான்கு. பயந்த விருந்தினர்கள் பெட்டி கட்டி, சாலையைச் சுத்தம் செய்யும் வண்டிக்குக் காத்திருந்தார்கள். வண்டி வரவில்லை. மாலையில் பனிச்சரிவு விடுதியைப் புதைத்தது. 29 பேர் இறந்தார்கள். குளிர்நாளில் சாலையைத் திறந்து வைத்திருக்க முடியாத இடத்தில் உல்லாச விடுதிக்கு அனுமதி தரலாமா என்ற கேள்வி, நீதிமன்றங்களில் ஆண்டுக்கணக்கில் நீண்ட வழக்கையும் தாண்டி நிற்கிறது.

பயணிகள் கூட்டம் எப்போதும் கேடாக முடிவதில்லை. கோக்குல்லோ என்ற மலையூரில் எல்லாமே வேறு மாதிரி. இருநூறு பேர் அளவில் வாழும் இந்த ஊரில் மே முதல் தேதி புனித தொமேனிகோவின் சிலையை ஊர்வலமாக எடுத்துவருவார்கள். சிலை முழுக்க உயிருள்ள பாம்புகள் சுற்றியிருக்கும். நஞ்சில்லாத வகைகள்தான். பனி உருகியதும் ‘செர்பாரி’ எனப்படும் பாம்பு பிடிப்பவர்கள் மலைச்சரிவுகளில் தேடிப் பிடித்துப் பத்திரமாக வைத்திருப்பார்கள். இப்போது ஊர்வன ஆய்வாளர்களும் வந்து ஒவ்வொரு பாம்பையும் அளந்து, உடல்நலம் பார்த்துப் பதிவு செய்கிறார்கள். விழா முடிந்ததும் பிடித்த இடத்திலேயே விட்டுவிடுவார்கள். அன்று ஊர் தாங்காத கூட்டம் வரும். ஆனால் விழா பயணிகளுக்காக உண்டாக்கியதன்று. யாரும் வராவிட்டாலும் நடக்கும். வந்தவர்கள் விருந்தாளிகள், விழாவின் உரிமை ஊராரிடம். வேலை தேடி வெளியூர் போன பிள்ளைகள் அந்த ஒரு நாளுக்காகத் திரும்பி வருகிறார்கள். ஒரு கொண்டாட்டம் பிழைத்திருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

ஊருக்காக இருப்பதற்கும் பயணிகளுக்காக உண்டாக்கியதற்கும் உள்ள இதே வேறுபாட்டைக் கடலோரத்திலும் காணலாம். ஓர்த்தோனாவிலிருந்து தெற்கே வாஸ்தோ நோக்கிப் போகும் கரையில், பாறைகளிலிருந்து கடலுக்குள் நீளும் மரமேடைகள் நிற்கின்றன. கொச்சியின் சீன வலையைப் பார்த்தவர்களுக்கு உடனே அடையாளம் தெரியும்: நீண்ட மரக்கைகள், அவற்றில் தொங்கும் பெரிய வலை, ஏற்றி இறக்கச் சுழற்றும் உருளை. பெயர் த்ரபோக்கோ. படகேறாமல் கரையிலிருந்தே மீன்பிடிக்கக் கண்ட வழி. பெஸ்காராவில் பிறந்த எழுத்தாளர் காப்ரியேலே தன்னுன்ஸியோ 1889-ல் சான் வீத்தோவில் தங்கியிருந்தபோது கண்ட த்ரபோக்கோவை 1894-ல் வெளிவந்த நாவலில் வருணித்தார். அதன் புகழ் அங்கிருந்து தொடங்கியது. இன்று கரையோர மீன்வளம் குறைந்துவிட்டது. பல த்ரபோக்கோக்கள் உணவகங்களாகிவிட்டன. மேடையில் இருபது, முப்பது பேருக்கு நாற்காலி. கரையோரமாக ஓடிய ரயில்பாதையை 2005-ல் உள்நாட்டுப் பக்கம் மாற்றியபின், பழைய தடத்தில் நாற்பது கிலோமீட்டர் அளவுக்குச் சைக்கிள் பாதை அமைந்தது. கார் இல்லாமல் கடலின் விளிம்பிலேயே போகும் அருமையான வழி. ஆனால் மேடைகளை விரித்து நாற்காலிகளைக் கூட்டும் ஆசை, மரக்கட்டுமானத்தின் மெலிந்த அழகையே கெடுத்துவிடும். வலை இறங்காத த்ரபோக்கோ வெறும் மேடை.

இந்தக் கரை இன்னொரு போராட்டத்தையும் நடத்தியது. கரைக்கு ஆறேழு கிலோமீட்டர் தூரத்தில் எண்ணெய் எடுக்கும் ‘ஓம்ப்ரீனா மாரே’ திட்டத்தை எதிர்த்து 2015 மே 23 அன்று லஞ்சானோ நகரில் பேரணி நடந்தது; 60,000 பேர் என்றார்கள் அமைப்பாளர்கள். திராட்சைத் தோட்டக்காரர்கள், விடுதி நடத்துபவர்கள், மீனவர்கள், பாதிரியார்கள், பள்ளிப் பிள்ளைகள் ஒன்றாக நடந்தார்கள். அந்த ஆண்டு இறுதியில் கரையிலிருந்து 12 கடல் மைலுக்குள் புதிய துளைப்புக்குத் தடை வந்தது. திட்டத்தைக் கையிலெடுத்திருந்த நிறுவனம் பன்னாட்டு நடுவர் மன்றம் போயிற்று. 2022-ல் இத்தாலி 19 கோடி யூரோ இழப்பீடு தரவேண்டும் என்று தீர்ப்பு. 2025-ல் அந்தத் தீர்ப்பே ரத்தானது. அதே கரைக்கென்று 2001-ல் சட்டத்தில் எழுதிய தேசியப் பூங்காவோ இன்றும் காகிதத்தில்தான் இருக்கிறது. அன்று நடந்த மக்கள் கடலைக் காத்தார்கள். கரையைக் காக்க வேண்டியவர்கள் இன்னும் எல்லைக் கோடு போட்டு முடிக்கவில்லை.

சுல்மோனாவிலிருந்து மலையேறும் ரயில் பாதை ஒன்று 1897-ல் முடிந்தது. ரிவிஸொந்தோலி-பெஸ்கோகொஸ்தான்ஸோ நிலையம் 1,268 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இத்தாலிய அரசு ரயில்வேயில் அதைவிட உயரமான நிலையம் பிரென்னர் கணவாயில் மட்டுமே. குளிரில் வெள்ளைச் சமவெளிகளைக் கடப்பதால் ‘இத்தாலியின் சைபீரிய ரயில்’ என்று செல்லப் பெயர். பயணிகள் போதவில்லையென்று 2011-ல் வழக்கமான சேவையை நிறுத்தினார்கள். 2014-லிருந்து பழைய பெட்டிகளோடு சுற்றுலா ரயில் ஓடுகிறது. சீட்டுகள் வேகமாகத் தீர்ந்துவிடுகின்றன. சன்னலோரம் உட்கார்ந்து வருகிறவர்களின் மகிழ்ச்சி உண்மையானது. ஆனால் அதே பாதையோரத்து ஊரில் இருக்கும் மாணவி திங்கட்கிழமை காலை கல்லூரிக்குப் போக அதில் ஏற முடியாது. ரயிலைக் காப்பாற்றிவிட்டு அதன் பயனை மறந்த ஏற்பாடு இது. வாரநாட்களில் இரண்டு சாதாரண வண்டிகளையாவது ஓட்டுவது, எந்த விளம்பரத்தையும்விட அந்த மலைக்குச் செய்யும் பெரிய உதவி.

தமிழ் வாசகருக்கு அப்ருட்ஸோவின் கடற்கரையில் ஒரு தனி இடம் உண்டு. ஓர்த்தோனா பேராலயத்தில் புனித தோமையாரின் திருவெலும்புகள் இருக்கின்றன. மயிலாப்பூரிலிருந்து எடெஸ்ஸாவுக்கும், அங்கிருந்து கியோஸ் தீவுக்கும் போனவை, 1258 செப்டம்பரில் கப்பல் தலைவர் லியோனே அச்சாயுவோலியால் ஓர்த்தோனா வந்தடைந்தன என்பது மரபு. சாந்தோமில் வெறுமையான கல்லறை, இங்கே எலும்புகள். இந்தியாவிலிருந்து யாத்ரீகர்கள் அவற்றை வணங்க வருகிறார்கள். 1943 டிசம்பரில் கனடியப் படையும் ஜெர்மன் படையும் வீடுவீடாகப் போரிட்டு இந்த ஊரே தரைமட்டமான கதை, அப்படி வருகிறவர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. அதற்குச் சில வாரங்களுக்கு முன் தெற்கே சங்ரோ ஆற்றைக் கடந்து போரிட்டவர்களில் எட்டாவது இந்திய டிவிஷன் வீரர்களும் இருந்தார்கள்.

ஓர்த்தோனாவுக்குப் போகிறவர்கள் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு அன்றே ரோமுக்குத் திரும்பிவிட வேண்டாம். மே மாதத்திலோ செப்டம்பரிலோ போங்கள். ஓரிரவு கரையிலும் ஓரிரவு மலையூரிலும் தங்குங்கள். ஊர்க்காரர் நடத்தும் கடையில் சாப்பிடுங்கள். மறுநாள் சைக்கிள் பாதை வழியாகத் தெற்கே தொரீனோ தி சங்ரோவுக்குப் போங்கள். அங்கே ஆலிவ் தோப்புகளுக்கு நடுவே, கடலைப் பார்த்த சரிவில் போர்க் கல்லறை ஒன்று இருக்கிறது. புதைக்கப்படாமல் எரியூட்டப்பட்ட இந்திய வீரர்களுக்கென்று அதில் தனி நினைவிடம் உண்டு. ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெயர்கள் கல்லில் இருக்கின்றன.